காற்றுப் புகாத வீடு

பஞ்சர் கடை வைத்திருந்த அந்த மனுஷனைத் தெருவில் எல்லோரும் காத்துக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அந்த வருஷக் குளிர்காலத்தை நினைத்தாலே பயமாக இருந்தது. அந்த ஊரில் குளிர் என்றால் ஒரு போர்வையோடு சரி. வீடுகளெல்லாம் வெயிலுக்கென்றே கட்டியவை, சுவருக்குச் சுவர் காற்றுத் துளை. ஆனால் இந்தத் தடவை குளிர் வாட்டப்போகிறது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி வருவதும் அதே சமயத்தில்தான்.

பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் பனி கொட்டும் தேசத்திலிருந்த மகள் வீட்டுக்குப் போனவள் அவள். ஆறு மாசம் என்று போனது மூன்று வருஷமாகிவிட்டது. "அம்மா இங்கயே இருக்கட்டும்ப்பா. வீடு பூரா ஹீட்டர். அவங்க முட்டிவலிக்கு நல்லது" என்று மகள் போனில் நச்சரித்தாள். மனைவியோ, "வந்து இருந்து பாத்துட்டு சொல்றேன்" என்று முடித்துவிட்டாள். குளிர் தாங்காமல் திரும்பிப் போய்விட்டால்? சோறு இறங்கவில்லை மனுஷனுக்கு. அவள் இல்லாத வீட்டில் சுவரோடு பேசிப் பேசி அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

சரி, ஒரு கை பார்த்துவிடுவோம் என்று இறங்கினார். சைக்கிள் டியூப் என்றால் தண்ணீரில் முக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். வீட்டை எந்தத் தொட்டியில் முக்குவது? மெழுகுவத்தியை ஏற்றி இண்டு இடுக்கெல்லாம் காட்டினார். சுடர் ஆடிய இடமெல்லாம் ஓட்டை. பழைய டியூபை நீளநீளமாக வெட்டிக் கதவடியில் ஆணி அடித்தார். ஜன்னல் இடுக்கில் பசை தடவி ஒட்டினார். காற்றுத் துளைகளையும் விட்டுவைக்கவில்லை.

"அண்ணே, கொசு உள்ள வந்தாகூட மூச்சு முட்டிச் செத்துடும்" என்று கிண்டலடித்தார் எதிர்க்கடைத் தையல்காரர்.

"உன் வேலையைப் பாருய்யா" என்றார் காத்துக்காரர். கடைசியில் சுடர் ஆடாமல் நின்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாலு பக்கமும் பார்த்தாள்.

"என்னங்க இது, ஒரே ரப்பர் வாடை?"

அவர் மூச்சுவிடாமல் சொல்லித் தீர்த்தார். டியூபையும் பசையையும் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "உன் மக வீடு மாதிரியே பண்ணிட்டேன் பாரு."

அவள் நேராக ஜன்னலருகே போய் ரப்பரை ஒரே இழுப்பாக இழுத்துக் கதவைத் திறந்துவிட்டாள். சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் அவர்.

"குளிருமே" என்றார்.

"குளிரட்டும். அங்க வீட்டுக்குள்ள குளிரே கிடையாதுங்க. ஆளுக்கொரு ரூம், ஆளுக்கொரு கதவு. யாருக்கும் யார் பக்கத்துலயும் வந்து உக்காரத் தோணல." அவள் குரல் உடைந்தது. "மூணு வருஷமா ஏங்கிப்போயிட்டேன்."

போர்வையை உதறிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் தயங்கித் தயங்கி ஓரமாக உட்கார்ந்தார்.

"அப்ப, திரும்பிப் போகமாட்டியே?"

"இப்படி விருந்தாளி மாதிரி உக்காந்தா போயிடுவேன்" என்று போர்வையின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தாள். "நெருங்கி வாங்க, நடுங்குது."