வேறு ரகத் துப்பாக்கி

பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் பீரங்கி. நேரில் அக்கா என்பார்கள், தலை மறைந்ததும் பீரங்கி. வருகிற செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைப்பது அவள் வேலை. துப்பாக்கிச் செய்தி எது வந்தாலும் நிருபரை போனில் பிடித்து, கைத்துப்பாக்கியா நீளமா, நிஜமா பொம்மையா, உள்ளே தோட்டா இருந்ததா, இருந்ததை யார் பார்த்தார்கள் என்று குடைந்தெடுப்பாள். நிருபர்களுக்கு அவள் நம்பரைப் பார்த்தாலே தலைவலி வரும்.

குடையாமல் என்ன செய்வது? குருவி சுடுகிற காற்றுத் துப்பாக்கி ‘நவீன ரக ஆயுதம்’ என்று வரும். எவன் வீட்டுப் பரணிலோ துருப்பிடித்துக் கிடந்த வேட்டைத் துப்பாக்கி ‘ஆயுதக் குவியல்’ ஆகிவிடும். பேனைப் பெருமாளாக்குவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிற இடம் அது. படம் இன்னும் மோசம். அலுவலகக் கம்ப்யூட்டரில் துப்பாக்கி என்று தேடினால் வருவது ஒரே ஒரு படம்தான்: மணல் மூட்டைமேல் நிற்கும் ராணுவ இயந்திரத் துப்பாக்கி, பக்கத்தில் மாலைமாதிரி தொங்கும் தோட்டாச் சரம். வங்கிக் காவலாளி கை தவறித் தன் கால் கட்டைவிரலையே சுட்டுக்கொண்டாரே, அந்தச் செய்திக்கும் அதே படம்தான் போனது.

வேறு படங்கள் வாங்கி வையுங்கள் என்று செய்தி ஆசிரியரிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

“படிக்கிறவனுக்குத் துப்பாக்கின்னா துப்பாக்கிம்மா. அவன் என்ன கடையில போய் வாங்கவா போறான்?”

செவிடன் காதில் ஊதின சங்கு. ஊதி ஊதி அவளுக்கும் வாய் ஓய்ந்துவிட்டது. எவன் எதை எழுதினால் எனக்கென்ன, என் தலையெழுத்தா என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

அந்தச் சாயங்காலம் வந்த செய்தி ஆறே வரி. பஸ்ஸில் போன நாற்பத்தைந்து வயது ஆசாமியின் பையிலிருந்து ரிவால்வரும் ஒரு டப்பா தோட்டாக்களும் சிக்கின, போலீஸ் விசாரணை என்றது. அவள் போனைக் கையில் எடுத்தாள். நிருபரின் அலுத்த குரல் கூப்பிடாமலே காதில் கேட்டது. மேஜையில் இன்னும் நாலு செய்தி கிடந்தது, முதுகு வலித்தது. போனைக் கீழே வைத்துவிட்டு, ‘பஸ்ஸில் பயங்கர ஆயுதம்’ என்று தலைப்புப் போட்டு அனுப்பினாள். பக்கம் கட்டுகிறவர் வழக்கம்போல மணல் மூட்டைப் படத்தைச் சேர்த்தார். அவள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் அவளுடைய அக்கா போனில் அழுதாள். அந்த நாற்பத்தைந்து வயது ஆசாமி அக்காவின் புருஷன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிற அத்தான்.

நடந்தது இவ்வளவுதான். பந்தயத்தைத் தொடங்கி வைக்க வானத்தைப் பார்த்துச் சுடுவார்களே, அந்தத் துப்பாக்கியின் ஸ்பிரிங் மக்கர் செய்திருக்கிறது. சத்தம் மட்டும்தான் வரும், குழாயை அடைத்தே செய்திருப்பார்கள், குண்டு போட வழியே கிடையாது. அதையும் வெடிக்கிற கேப்பு டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு ரிப்பேருக்குப் போயிருக்கிறார். கைப்பிடி வெளியே தெரிய, பக்கத்து சீட் அம்மாள் கத்த, போலீஸ் வந்து இறக்கியது. ஸ்டேஷனில் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள், டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் பள்ளி வாசலில் வைத்துத்தான் பஸ்ஸை நிறுத்தியது, பார்க்காத ஆளில்லை. போதாததற்கு இப்போது பேப்பரில் இயந்திரத் துப்பாக்கி. பெற்றோர்கள் கேட்டில் கூடிவிட்டார்கள். அத்தானை வேலையில் வைப்பதா வேண்டாமா என்று நிர்வாகம் யோசிக்கிறதாம்.

“உங்க பேப்பர்ல எந்தப் பாவிடி இதைப் போட்டான்? அவன் விளங்குவானா?”

விசாரிக்கிறேன் அக்கா என்று மட்டும் சொன்னாள்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்க ஓடினாள். அது பந்தயம் தொடங்கச் சத்தம் எழுப்பும் துப்பாக்கி, தோட்டா எதுவும் இல்லை, படம் தவறு, விசாரித்து அனுப்பப்பட்டவர் நிரபராதி என்று பார்த்துப் பார்த்துத் திருத்தம் எழுதிக் கொடுத்தாள். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. போட்ட தப்பைத் திருத்தத்தில் மறுபடி சொல்லக் கூடாது, மூன்று வரிக்கு மேலும் போகக் கூடாது. செய்தி ஆசிரியர் வெட்டினார். அவள் வாதாடினாள், கெஞ்சினாள். அத்தான் என்று சொல்லியும் பார்த்தாள். அதனால்தான் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார் மனிதர். மறுநாள் மூலையில் வந்தது இது:

‘பஸ் ஆயுதச் செய்தியுடன் வெளியான படத்தில் இருப்பது வேறு ரகத் துப்பாக்கி. வருந்துகிறோம்.’

வெந்த புண்ணில் வேல். அப்படியானால் அவரிடம் இருந்தது எந்த ரகம் என்று பள்ளி கேட்டின் முன்னால் புதுக் கேள்வி கிளம்பியது. இன்ஸ்பெக்டரே பள்ளிக்கு வந்து விளக்கிச் சொன்னார். நிர்வாகம் தலையாட்டிவிட்டு, பெற்றோர்களின் நிம்மதிக்காக என்று ஒரு முடிவெடுத்தது. வேலை போகாது, ஆனால் மைதானம் இந்த வருடத்தோடு சரி. அடுத்த வருடம் முதல் நூலகத்தில் உட்காரலாம். அதுவரைக்கும் அந்தத் துப்பாக்கி பள்ளிக்குள் வரவே கூடாது. ஓடுவதையும் ஓட வைப்பதையும் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர் அத்தான். உயிரை மட்டும் விட்டுவைத்தார்கள் என்றாள் அக்கா.

அந்த வாரக் கடைசியில் அவள் மைதானத்துக்குப் போனாள். கோட்டில் நின்ற பிள்ளைகள் பாதியாகக் குறைந்திருந்தார்கள். வேலியோரம் நாலைந்து அம்மாக்கள் காவல் நின்றார்கள். அத்தான் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. அவளைப் பார்த்ததும் எப்போதும்போல முகம் மலர்ந்து, சாப்பிட்டாயா என்றார்.

“உங்கக்கா ஆபீசையே சபிச்சுட்டிருக்கா. நான்தான் சொன்னேன், இவ அன்னிக்கு லீவா இருந்திருப்பா, இவ கைக்கு வந்திருந்தா நாலு தடவை கேக்காம விட்டிருக்க மாட்டான்னு. சரிதானே?”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், அத்தோடு முடிந்துவிடும். அந்த முகத்தைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை.

“லீவு இல்ல அத்தான். என் கைக்குத்தான் வந்துச்சு. அன்னிக்கு நான் கேக்கல.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். ரெடியா என்று கேட்டுவிட்டு, பழக்கத்தில் வெறும் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார். வேலியோரம் நின்ற ஒரு அம்மா ஓடிவந்து கோட்டில் நின்ற தன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அத்தான் தூக்கிய கையை ஒருதரம் பார்த்தார். மெல்ல இறக்கி, விசிலை வாயில் வைத்தார்.