ஆந்திரா நம்பர் வண்டி

தோல் கம்பெனியில் வேலை முடிந்த மாதனூர்ப் பக்கத்துப் பெண்களை அவரவர் ஊரில் இறக்கிவிட்டு, கம்பெனி பஸ்ஸை ஆம்பூர் ஷெட்டில் நிறுத்திவிட்டு ஆபேல் வீடு திரும்பியபோது, தேவகிருபை அடுப்புப் பற்றவைக்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இடக்கையை மடியில் வைத்து அதன்மேல் முந்தானையைப் போட்டு மூடியிருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்திருந்தால் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்பது கல்யாணமான இந்த ஒரு வருஷத்தில் அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

"டீச்சர் வந்தாங்களா?" என்றான்.

"வந்தாங்க. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம். அவங்க தம்பி குடும்பம் வருதாம்."

"அவங்களுக்கு ஏது தம்பி?"

"இன்னிக்குத்தான் பொறந்தான்போல" என்றாள் அவள். சிரிக்கவும் செய்தாள். ஆனால் முந்தானையை எடுக்கவில்லை.

அவளுடைய இடக்கையில் இரண்டு விரல்கள் மடிந்திருந்தன. சிறுமியாக இருந்தபோது வந்த தொழுநோய் விட்டுப்போன அடையாளம் அது. நோய் தீர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர்கள் உடம்பில் ஒன்றும் இல்லை என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். குணமானவர்கள் தங்கும் ஹோமில் அவள் மரத்துப்போன கால்களுக்கான ரப்பர் செருப்பு தைத்துக்கொண்டிருந்தபோது, கம்பெனியின் கழிவுத் தோலைக் கொண்டுவந்து இறக்கிய டிரைவர்தான் ஆபேல். செருப்பு அளவு கொடுக்கிற சாக்கில் அவன் அடிக்கடி வந்தான். நல்ல கால்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரிச் செருப்பு என்று அவள் ஒருநாள் கேட்டாள். அவன் சொன்ன பதிலில் கல்யாணம் முடிவாகிவிட்டது.

கல்யாணம் சுலபமாக நடந்தது. வீடுதான் கிடைக்கவில்லை. ஆம்பூரில் இது மூன்றாவது வீடு. வந்த புதிதில் யாரும் கவனிப்பதில்லை. என்றைக்காவது ஒருநாள் மாவு கடன் கேட்டோ, பிரசாதம் கொடுத்தோ, பாத்திரம் வாங்கியோ அந்த விரல்கள் கண்ணில் பட்டுவிடும். அடுத்த வாரமே வீட்டுக்காரருக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

வீட்டுக்கார ஜெயபுஷ்பம் டீச்சர் கெட்டவள் இல்லை. கணவனை இழந்தவள், ஒரே மகளை வளர்த்து நர்சரிப் பள்ளியில் வேலைக்கும் அனுப்பியவள். கிறிஸ்துமஸுக்கு இவர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள். தொழுநோய் ஒழிப்பு நாளில் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தொழுநோய் பாவத்தின் சம்பளம் அல்ல, தொட்டவுடன் ஒட்டிக்கொள்வதும் அல்ல என்று அட்டையில் எழுதிக் கொடுத்து பஜார் வீதியில் ஊர்வலம் நடத்தியவளும் அவளே. காலி செய்யச் சொன்ன மறுநாள் ஆபேல் போய்க் கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தனக்கு ஒன்றும் இல்லை என்றும், மற்றக் குடித்தனக்காரர்கள் பேசுகிறார்கள் என்றும், வயசுப் பெண்ணைப் பார்க்க நாலு பேர் வருகிற வீடு என்றும் சொன்னாள். எல்லாவற்றையும் மெதுவான, அன்பான குரலில் சொன்னாள். அதனால் ஆபேலுக்குச் சண்டை போடவும் வழியில்லை.

அன்று தேவகிருபை தன் புடவைகளைத் தனியாக மடித்து வைத்தாள். ஹோமில் இடம் கொடுப்பார்கள், நான் அங்கேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள்.

"பாக்கறதுக்கா கட்டிக்கினேன்?" என்றான் ஆபேல். "வூடு குடுக்கற ஆளுங்கதான் வேணாங்கறாங்க. அந்த ஆளுங்களே வேணாம். நாமளே ஒரு வூடு வாங்கிடலாம்."

"வாங்குற மூஞ்சியப் பாரு."

"செவுரு வெச்ச வூடு இல்ல கிருபை. சக்கரம் வெச்சது. போகச் சொன்னா சாமான் தூக்க வேணாம் பாரு, வூடே போய்டும்."

அவள் விளையாட்டு என்று நினைத்தாள். அவன் கம்பெனி மெக்கானிக் ரஷீத் அஹமதிடம் பேசினபோதுதான் விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. இங்கே பழைய வேன் கேட்டால் யானை விலை சொல்வார்கள், பலமனேர்ப் பக்கம் போனால் கம்மி விலைக்கு முடியும், ஆந்திராவில் மில்காரர்கள் ஓட்டித் தள்ளிவிடுகிறார்கள் என்றான் ரஷீத். ஆபேலின் சேமிப்பு போதவில்லை. தேவகிருபை கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள்.

ஆபேலும் ரஷீதும் பேரணாம்பட்டு வழியாக மலையேறிப் பலமனேர் போனார்கள். ஓர் அரிசி மில்லின் பின்னால் அந்த வெள்ளை வேன் தவிட்டுத் தூசியில் நின்றிருந்தது. ரஷீத் வேனைப் பார்ப்பதற்கு முன் என்ஜின் மூடியைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது. விற்கிறவன் இவர்கள் வருவதற்கு முன்னாலேயே ஒரு தடவை கிளப்பி வைத்திருக்கிறான் என்று புரிந்துகொண்டு, ஆபேலை டீ குடிக்கக் கூட்டிப்போய்விட்டான். நன்றாக ஆறின பிறகு வந்து கிளப்பச் சொன்னான். இருமி இருமிக் கிளம்பியது. உள்ளே பாயை விலக்கிவிட்டு வெறுங்காலோடு நடந்து பார்த்ததில் பின்பக்கத் தகடு இற்றிருந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே விலையைக் குறைத்தான்.

மில்காரருக்குத் தமிழ் தெரியும். என்ன லோடு அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். லோடு இல்லை, குடியிருக்க என்றான் ஆபேல். அவர் இவனை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"மெட்ராஸ் ராஜ்யத்துல வூடே இல்லயா?" என்றார்.

"இருக்குது. எல்லாத்துக்கும் வூட்டுக்காரரு தம்பி வர்றாரு" என்றான் ஆபேல். அவருக்குப் புரியவில்லை. ரஷீத் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வண்டி வந்து சேர்ந்தது. ரஷீத் தகடு ஒட்டி, ஆபேல் பலகை அடித்து, ஒரு பக்கம் கட்டிலும் ஒரு பக்கம் ஸ்டவ் வைக்க மேடையும் ஆயிற்று. தேவகிருபை ஜன்னல்களுக்குப் பூப்போட்ட திரை தைத்தாள். நம்பரைத் தமிழ்நாட்டுக்கு மாற்றத்தான் முடியவில்லை. ஆந்திராவில் ஆட்சேபணை இல்லை என்று கொடுத்த தாளோடு ஆபேல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் நின்றபோது, குடியிருக்கும் வீட்டு விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். குடியிருப்பதே இதில்தான் என்றான். அதை எழுத இடமில்லை என்றார்கள். சட்டப்படி அவர்கள் கேட்டது சரிதான். வீடு இல்லாததால் வாங்கிய வண்டி, வீடு இல்லாததால் அயல் மாநில வண்டியாகவே நின்றது.

மாதனூருக்கு வெளியே ரோட்டோரப் புறம்போக்கில் ஒரு புளியமரத்தடியில் அதை நிறுத்தினார்கள். காலையில் ஆபேல் பஸ் எடுக்கப் போனதும் தேவகிருபை வேலையை முடித்துவிட்டு, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் கையும் காலும் ஊறவைத்து, எண்ணெய் தடவி, சுண்டுவிரலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் பஞ்சு வைத்துக் கட்டுவாள். உணர்ச்சி போன தோல் அது. பார்த்துக்கொள்ளாவிட்டால் புண்ணாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வெள்ளை வண்டி, மரத்தடி, தண்ணீர்த் தட்டு, பஞ்சு. பார்த்தவர்கள் வேறு விதமாக அர்த்தம் செய்துகொண்டார்கள்.

முதலில் வந்தவர் பச்சையப்பன் என்கிற விவசாயி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டையை மேலே தூக்கி முதுகைக் காட்டினார். வெளுத்த தேமல் ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.

"நாங்க ஆஸ்பத்திரி வண்டி இல்ல பெரியவரே" என்றாள் தேவகிருபை. "அது செவ்வாக்கெழமை ஸ்கூல்கிட்ட வரும். அங்க போங்க, மருந்து குடுப்பாங்க."

"அந்த வண்டிக்குப் போனா ஊருக்கே தெரியும்மா. அதுல வர்ற டிரைவர் எம் மச்சான் ஊர்க்காரன். இது ஆந்திரா வண்டியாச்சே, யாருக்கும் யாரையும் தெரியாதுன்னு வந்தேன்."

அவள் எவ்வளவோ சொல்லி அவரை அனுப்பி வைத்தாள். அவருக்குப் பிறகு ஒரு பீடித் தொழிலாளி வந்தான். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். எல்லோரும் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வந்தார்கள், எல்லோருக்கும் அந்த நம்பர்ப் பலகைதான் தைரியம். வண்டி எங்களுடையது, நாங்கள் இங்கே குடியிருக்கிறோம் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர்கள் ரகசியத்துக்காக அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. பஞ்சாயத்தில் செல்வாக்குள்ள சின்னசாமி ஆபேலைப் பஸ்ஸிலேயே பிடித்தார். அந்த வண்டி நிற்பதால் இந்த ஊரில் அந்த வியாதி இருக்கிறதென்று பெயராகிறது, பெண் எடுக்க யோசிக்கிறார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கிளப்பிவிடு, இல்லாவிட்டால் டயரில் காற்று இருக்காது என்றார். வியாதி ஊரில் ஏற்கெனவே இருக்கிறது, வண்டியா கொண்டுவந்தது என்று ஆபேல் கேட்டான். அந்தக் கேள்விக்கு அவர் வெற்றிலைச் சாறைத் துப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை ஆபேல் லீவு போட்டிருந்தான். எங்கே போவது என்று முடிவாகவில்லை. அரக்கோணம் பக்கம் போகலாம் என்றால் கம்பெனி வேலை போய்விடும். வேலை வேண்டுமென்றால் இவள் ஹோமுக்குப் போக வேண்டும். விடிந்து சற்று நேரத்தில் வேலூர் போகிற பஸ்ஸிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கி மரத்தடிக்கு வந்தார்கள். மூத்தவள் தலையைச் சுற்றி முந்தானையை இழுத்துவிட்டிருந்தாள். "நர்சம்மா" என்று கூப்பிட்டுக் கதவைத் தட்டினாள்.

தேவகிருபை கதவைத் தள்ளினாள். வெளியே நின்றது ஜெயபுஷ்பம் டீச்சர். பக்கத்தில் மகள் ஹெப்சிபா.

டீச்சர் முந்தானையை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். திரும்பிப் போய்விடப் பார்த்தாள். ஹெப்சிபா அசையாமல் நின்று, "காட்டிட்டுப் போலாம்மா" என்றாள். கையை நீட்டினாள். முழங்கைக்கு மேலே சிவந்த தேமல் ஒன்று.

தேவகிருபை அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். பஞ்சைத் திரித்து எடுத்தாள். ஹெப்சிபாவைக் கண்ணை மூடிக்கொண்டு, தொடுகிற இடத்தை விரலால் காட்டச் சொன்னாள். மணிக்கட்டில் தொட்டாள், ஹெப்சிபா காட்டினாள். தோளில் தொட்டாள், காட்டினாள். தேமலின்மேல் தொட்டாள். ஹெப்சிபா கண்ணை மூடியபடியே, "தொடுங்கக்கா" என்று காத்திருந்தாள்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னிக்கே வேலூருக்குப் போங்க" என்றாள் தேவகிருபை. "ஆரம்பந்தான். நல்லா ஆயிடும். ஒரு வெரலுகூட மடங்காது."

"ஆஸ்பத்திரியில பாதிப் பேர் நம்ம சபைக்காரங்கம்மா. இவ அங்க போனா ஞாயித்துக்கிழமை கோயில்ல எல்லாருக்கும் தெரியும். நிச்சயம் பண்ணியாச்சு. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"எங்கம்மாவும் அப்படித்தான் டீச்சர் சொன்னாங்க. வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னு என்னை ரெண்டு வருஷம் உள்ளயே வெச்சிருந்தாங்க. மருந்து அப்பவும் இருந்துச்சு."

டீச்சர் அவளுடைய விரல்களைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி வேகமாகப் பேசினாள். "அந்த வீடு சும்மாத்தான் கிடக்கு. நீங்க ரெண்டு பேரும் வந்துடுங்க. வாடகைகூட வேணாம். கொல்லைப் பக்கம் உனக்குன்னு தனியா ஒரு குழாய் போட்டுத் தர்றேன். இவ விஷயம் மட்டும் யார்கிட்டயும்..."

ஆபேல் மனைவியைப் பார்த்தான். சாயங்காலம் சின்னசாமி வருவார். சுவர் வைத்த வீடு, விலாசம் எழுதக்கூடிய வீடு, பிரியாமல் இருக்கிற வீடு, எதிரில் வந்து நிற்கிறது. தலையாட்டிவிடேன் என்றுதான் அவன் மனசு சொல்லிற்று. அவளுக்கும் ஆசை இருந்தது, அது அவள் கண்ணில் தெரிந்தது.

"தனிக் குழாய் எனக்கு மட்டுமா டீச்சர்?" என்றாள் தேவகிருபை. "ஹெப்சிபாவுக்கும் சேத்தா?"

ஹெப்சிபா வேனுக்குள் ஏறி உட்கார்ந்தாள். "அண்ணே, வேலூருக்கு எடுங்க" என்றாள். டீச்சர் பதறி, பகலில் வேண்டாம், யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

"தெரிஞ்சா என்னம்மா ஆகும்? என்னையும் காலி பண்ணச் சொல்லிடுவியா?"

ஜெயபுஷ்பம் டீச்சர் வேனின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "வருஷா வருஷம் அட்டையில எழுதினேன். பிள்ளைங்க கையில குடுத்தேன். எழுதின ஒரு எழுத்தைக்கூட நான் நம்பல."

தேவகிருபை அவளைத் தேற்றவில்லை. அந்த அளவுக்கு அவளுக்கு மனசு ஆறவில்லை.

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேன் டீச்சர். அதுக்கு வூடு குடுக்க வேணாம். ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்கோங்க. வியாதிக்குப் பயந்து யாரும் ஒளியல. வூட்ட வுட்டு அனுப்பற மனுசங்களுக்குப் பயந்துதான் ஒளியறாங்க. ஒளியறதாலதான் வெரலு மடங்குது, அடுத்தவனுக்கும் பரவுது. என்னை அன்னிக்கு உங்க வூட்ல இருக்க வுட்டிருந்தா, உங்க பொண்ணு தேமலப் பாத்த அன்னிக்கே என்கிட்ட வந்து காட்டியிருக்கும். ஏறுங்க, நேரமாவுது."

டீச்சர் ஏறினாள். ஏறியதும் அவள் கை தானாக ஜன்னல் திரையை இழுத்து மூடியது. ஹெப்சிபா அதை மறுபடி திறந்துவிட்டாள்.

ஆபேல் வண்டியைக் கிளப்பினான். கட்டிலுக்கடியில் அவர்களுடைய சாமான்கள் எல்லாம் இருந்தன. இவர்களை வேலூரில் இறக்கிவிட்ட பிறகு வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை.