அமைதி அறைக்கு ஒரு வாசகம்

மூன்றாம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நேர் எதிரே, கிழிந்த படுக்கை விரிப்புகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையை மருத்துவமனைக்காரர்கள் காலி செய்தார்கள். சுண்ணாம்பு அடித்து, ஜன்னலைப் பெரிதாக்கி, 'அமைதி அறை' என்று பெயரும் வைத்தார்கள். உள்ளே படுத்திருப்பவர்களுக்காக வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்கள் வந்து உட்கார ஓர் இடம். அதில் போட்ட பெஞ்சுகள் இரண்டையும் செய்தவர் அந்த மருத்துவமனையின் தச்சர். பத்தொன்பது வருஷமாக அங்கேதான் வேலை. கட்டில் ஆடினாலும், கதவு இறங்கினாலும், மருந்து அலமாரியின் பூட்டு மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

நிர்வாகி அம்மா ஒருநாள் அவரை அறைக்கே அழைத்து வந்து வெறும் சுவரைக் காட்டினார்.

"சிலுவை வேண்டாம், சிலை வேண்டாம், படமும் வேண்டாம். ஒரு மரப்பலகை, அதுல ஒரே ஒரு வரி. யாரு வந்து படிச்சாலும் மனசுல நிக்கணும். யாருக்கும் உறுத்தக் கூடாது. என்ன எழுதறதுன்னு மூணு பெரிய மனுஷங்க சொல்லுவாங்க. நீங்களும் கூட உக்காருங்க. வரி எவ்வளவு நீளம்னு தெரிஞ்சாத்தானே பலகை அறுக்க முடியும்?"

ஒரு வரிக்கு எத்தனை நாள் ஆகிவிடப் போகிறது என்று தச்சர் நினைத்தார். ஒரு மாதம் ஆனது.

பெரிய மனுஷர்களில் ஒருவர் போதகர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். ரகசியம் சொன்னால்கூட அடுத்த வார்டுக்குக் கேட்கும். இரண்டாமவர் தியானம் சொல்லிக்கொடுக்கும் டீச்சரம்மா. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். புத்தர் சொன்னதும் வேதாந்திகள் சொன்னதும் அவருக்கு விரல் நுனியில் இருந்தன. மூன்றாமவர் தத்துவப் பேராசிரியர். மடிப்புக் கலையாத சட்டை. சிரிப்பதற்குக்கூடக் கணக்குப் பார்க்கிறவர்.

முதல் நாள், முதல் பத்து நிமிஷத்திலேயே பாதி வரி முடிந்துவிட்டது. 'உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்.' மூன்று பேரும் தலையாட்டினார்கள். தச்சர் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து எழுத்துகளை எண்ணிக் குறித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் வண்டி நின்றது.

"மற்றதை ஆண்டவரிடம் ஒப்படையுங்கள். அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றார் போதகர்.

"ஆண்டவர்னு போட்டா நாளைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு அந்நியமாப் போயிடும்" என்றார் டீச்சரம்மா. "மற்றதை விட்டுவிடுங்கள். அது போதும். பற்றுதானே துக்கத்துக்குக் காரணம்?"

"எங்கே விடறதும்மா? கைக்குழந்தையை ஒரு தாய் சும்மா விட்டுடுவாளா? வாங்கிக்க இன்னொரு கை இருந்தாத்தானே விடுவா?" என்றார் போதகர்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "ரெண்டு பேருமே தப்பிக்கப் பாக்கறீங்க. ஒருத்தர் குடுத்துட்டுத் தப்பிக்கறார், ஒருத்தர் விட்டுட்டுத் தப்பிக்கறார். 'மற்றதை ஏற்றுக்கொள்ளுங்கள்.' அதுதான் நேர்மை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஸ்டோயிக்னு ஒரு கூட்டம் இருந்தது. அதுல அடிமையும் உண்டு, பேரரசனும் உண்டு. எது நம்ம கையில இருக்கு, எது இல்லைன்னு முதல்ல பிரிச்சுக்கோன்னுதான் ரெண்டு பேரும் சொன்னாங்க."

"அடிமைக்கும் அரசனுக்கும் ஒரே தகப்பன்னு எங்க ஆளுங்களும் சொன்னாங்க ஐயா!" என்று போதகர் சிரித்தார். டீச்சரம்மாவும் சிரித்தார். ஆனால் ஒருவரும் இறங்கி வரவில்லை. அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரம் போதகர் 'ஆண்டவர்' என்ற சொல்லை எடுத்துவிடச் சம்மதித்தார். 'ஒப்படையுங்கள்' மட்டும் இருக்கட்டும் என்றார். யாரிடம் என்று சொல்லாமல் ஒப்படைக்கச் சொல்வது விலாசம் எழுதாத கடிதம் மாதிரி என்று பேராசிரியர் அதையும் தட்டிவிட்டார்.

தச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். கேட்டதைச் சாமி கொடுத்தால் சரி. கொடுக்காவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கேட்பார். இந்த மூன்று வினைச்சொல்லில் எது தன்னுடையது என்று அவருக்கே விளங்கவில்லை. ஆனால் மத விஷயத்தில் வாயை விட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் ஒருமுறை விட்டிருந்தார்.

அவருக்கு ஒரே தங்கை. கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டவள். கல்யாணத்தைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அம்மா இறந்த அன்று, தங்கை உடலருகே மண்டியிட்டுக் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தபோதுதான் அவருக்கு எங்கிருந்தோ அப்படி ஒரு கோபம் வந்தது. "இங்க உன் ஜெபமெல்லாம் வேண்டாம். செய்யணும்னா வெளிய போய்ச் செய்" என்றார், கூடியிருந்தவர்கள் எல்லோரும் கேட்க. அவள் எழுந்து வெளியே போனாள். போனவள் போனவள்தான். ஒரே ஊரில் இருந்தும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை.

நான்காவது கூட்டத்தை அமைதி அறையிலேயே வைத்துக்கொள்ளலாம், சுவரைப் பார்த்தாலாவது புத்தி வரட்டும் என்றார் நிர்வாகி அம்மா. காலை பதினோரு மணி என்று ஏற்பாடு. பத்தரைக்கு அளவு நாடாவும் மாதிரிப் பலகையுமாக மாடி ஏறிய தச்சர், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

"பாப்பா?" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருஷம் பேசாதவள், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவள் போலச் சொன்னாள். "அவருக்குப் பக்கவாதம்ணா. பேச்சு வரல. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. மூளையில ரத்தம் கட்டியிருக்காம். உள்ள கொண்டு போயிட்டாங்க."

தச்சர் சுற்றிலும் பார்த்தார். தாழ்வாரத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. அவள் கையைப் பிடித்து அமைதி அறைக்குள் அழைத்துப் போய், தான் செய்த பெஞ்சிலேயே உட்கார வைத்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு பலகையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

பதினோரு மணிக்கு மூவரும் வந்துவிட்டார்கள். தச்சர் வாசலிலேயே மறித்து, "இன்னிக்கு வேண்டாங்க. என் தங்கச்சி உள்ள இருக்கா. மச்சானுக்கு உடம்பு முடியல" என்றார். பேராசிரியர் உடனே திரும்பினார். ஆனால் போதகரின் கழுத்துப் பட்டையை அவள் பார்த்துவிட்டாள்.

"ஐயா, ஜெபம் பண்ணுங்கய்யா" என்றாள்.

போதகர் மற்ற இருவரையும் ஒரு கணம் பார்த்தார். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குரலை எங்கே ஒளித்து வைத்தாரோ, மிக மெதுவாக நாலு வாக்கியம் ஜெபித்தார். முடித்து, "கர்த்தர் பாத்துக்குவாரும்மா" என்றார்.

அவள் வெடித்தாள். "என்னத்தப் பாத்துக்குவார்? காலையில ஆறு மணிக்கே கை மரத்துப் போச்சுன்னு அவர் சொன்னார்யா. கைமேல படுத்திருப்பீங்க, இன்னும் கொஞ்சம் தூங்குங்கன்னு சொன்னது நான். ஒன்பது மணிக்குத்தான் எழுப்பப் போனேன். மூணு மணி நேரம்! பாக்கறதுக்கு எனக்கும் ரெண்டு கண்ணைக் குடுத்திருந்தாரே. நான்தானே பாக்கல?"

டீச்சரம்மா அவள் முன் குனிந்து, "மூச்சை மெதுவா உள்ள இழும்மா" என்று ஆரம்பித்தார்.

"எனக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கு. அவருக்குச் சொல்லுங்க!"

டீச்சரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "நீ சொல்றது சரிதான்" என்று எழுந்தார். விறுவிறுவென்று எதிர்க் கதவுக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினார். அங்கே நர்ஸோடு அவர் வாதாடுவது அறைக்குள் கேட்டது.

வாசலிலேயே நின்றிருந்த பேராசிரியர்தான் அடுத்துப் பேசினார். "அம்மா, ஆறு மணியிலேர்ந்து ஒன்பது மணி வரைக்கும் நடந்தது இனி உங்க கையில இல்ல. எந்தச் சாமி கையிலயும்கூட இல்ல. அது முடிஞ்சுது. இப்போ மணி பதினொண்ணு பத்து. இப்போ உங்க கையில என்ன இருக்கு?"

"உங்களுக்கென்ன, சட்டை கலையாமப் பேசறீங்க" என்றாள் அவள். "ஊருக்கு உபதேசம் பண்றது சுலபம்."

தச்சர் பதறிப்போய்ப் பேராசிரியரைப் பார்த்தார். அவர் சட்டையின் மடிப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"நாலு வருஷம் முன்னாடி இதே மாடியிலதான் என் மனைவி போனா" என்றார். "நடந்ததை ஏத்துக்கிட்டேன்னு அன்னிக்கே எல்லார்கிட்டயும் சொன்னேன். மறுநாள் கிளாஸ் எடுத்தேன். மாணவர்கள் எல்லாம் அசந்து போயிட்டாங்க. அது ஏத்துக்கிட்டது இல்லம்மா. கல்லாப் போனது. நான் படிச்ச பெரியவங்க யாரும் கல்லாப் போகச் சொல்லல. நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன். இன்னிக்கும் வீட்டுல அவ டம்ளரை நான் கழுவி வெக்கறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு அழுதார். பழக்கமில்லாதவர் அழுகிற மாதிரி, சத்தமும் மூச்சும் முட்டிக்கொண்டு வந்தன. போதகர் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கைபோட்டுக்கொண்டார். மூன்று வாரமாக ஒரு வினைச்சொல்லுக்கு மல்லுக்கு நின்ற இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

தங்கையின் அழுகை நின்றிருந்தது. அவள் அண்ணனைப் பார்த்தாள். "நீயும் அவருக்காக வேண்டிக்கோண்ணா."

"எனக்கு உங்க ஜெபமெல்லாம் தெரியாதே பாப்பா."

"உனக்குத் தெரிஞ்சதை வேண்டிக்கோ. அம்மாவுக்கு என்னைச் சொல்ல விடல நீ. இவருக்கு நீயே சொல்லு."

தச்சர் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினார். வெள்ளிக்கிழமை தோறும் சொல்லும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மச்சான் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. அம்மாவின் பக்கத்திலிருந்து எழுந்து வெளியே நடந்த தங்கையின் முதுகுதான் தெரிந்தது.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு பாப்பா" என்றார், கண்ணைத் திறக்காமலே. "அம்மா இருந்திருந்தா என்னைத்தான் வெளிய அனுப்பியிருப்பா."

அவள் பெஞ்சிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். அதற்குள் டீச்சரம்மா திரும்பி வந்து, "ரெண்டு நிமிஷம் விடறாங்களாம். போ, போய் அவர் கையைப் பிடிச்சுக்கோ. வலது கையில உணர்ச்சி இல்லையாம், இடது கையைப் பிடி" என்றார். அவள் ஓடினாள், ஒற்றைச் செருப்போடு.

மதியம் டாக்டர் வந்து சொன்னார்: உயிருக்குப் பயமில்லை, ரத்தக் கட்டியை எடுத்தாயிற்று, வலது பக்கம் பலவீனமாகத்தான் இருக்கும், பேச்சு மெதுவாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். சீக்கிரம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்று தங்கை கேட்டாள். டாக்டர் பொய் சொல்லவில்லை. "இருந்திருக்கும்" என்றார். அவள், "இனிமே என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் மூவரும் மறுபடி கூடினார்கள். இந்தத் தடவை சண்டை தலைகீழாக இருந்தது. பேராசிரியர், "ஒப்படையுங்கள்னே போட்டுடலாம். தனியாத் தூக்க முடியாத சுமையும் இருக்கு" என்றார். போதகர் விடவில்லை. "வேண்டாம் ஐயா, ஏற்றுக்கொள்ளுங்கள்தான் சரி. அன்னிக்கு நான் அவசரப்பட்டு ஒப்படைக்கச் சொன்னேன், அந்தப் பொண்ணு சரியாத்தான் திருப்பிக் கேட்டுச்சு." டீச்சரம்மா தனக்கு எதுவானாலும் சம்மதம் என்றார். அதுதான் இன்னும் சிக்கலானது. நிர்வாகி அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

தச்சர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. முதல் பாதி உங்க மூணு பேருக்கும் முதல் நாளே ஒத்துப்போச்சு. அதை மட்டும் வெட்டறேனே? மீதியை உக்கார்றவங்க அவங்கவங்க வாயால சொல்லிக்கட்டும். என் தங்கச்சி அவ மாதிரி சொன்னா, நான் என் மாதிரி சொன்னேன். பக்கத்துல பக்கத்துலதான் உக்காந்திருந்தோம். ஒண்ணும் இடிச்சுக்கல."

"அரை வரிக்காகவா ஒரு மாசம் டீ குடிச்சோம்?" என்று போதகர் கேட்டார். பேராசிரியர் கணக்குப் பார்க்காமல் சிரித்தார்.

தேக்குப் பலகையில் மூன்று சொற்களை வெட்டத் தச்சருக்கு இரண்டு நாள் போதுமானதாக இருந்தது. பலகையை மாட்டியதும் நிர்வாகி அம்மா தள்ளி நின்று பார்த்துவிட்டு, வலது பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்றார். வேண்டுமென்றுதான் விட்டேன் என்றார் தச்சர்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரக் கைப்பிடி ஒன்றை இழைத்து எடுத்துக்கொண்டு தச்சர் தங்கை வீட்டுக்குப் போனார். வாசலில் நாலு படி. மச்சான் பிடித்து இறங்க ஒன்றுமில்லை என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "நீ வேலையைப் பாருண்ணா. நான் வர்றவரைக்கும் அவரைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் துளை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு இன்னும் பிடிபடவில்லை. சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றது. கைப்பிடியை முடுக்கி முடித்ததும் தச்சர் அவர் இடது கையை எடுத்து அதன்மேல் வைத்தார். மச்சான் எழுந்தார். ஒரு படி இறங்கினார், நின்றார். இன்னொரு படி. மூன்றாவது படியில் வலது கால் இழுத்தது. தச்சர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் மச்சான், மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்."

மச்சான் தலையை அசைத்து மறுத்தார். கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாலாவது படியில் காலை வைத்தார்.