தூக்கம் வராத ஃபியூஸ்

சுந்தரர் தெரு ஒன்பதாம் நம்பர் வீட்டுக்கு ஆவுடையப்பன்தான் ஃபியூஸ். வீட்டில் கரண்டு அளவுக்கு மேல் இழுத்தால் அவர் இருந்த இடத்திலேயே தூங்கிவிடுவார். அவர் தூங்கியதும் வீடு முழுக்கக் கரண்டு போய்விடும். யாராவது ஓடிப்போய் அயர்ன் பாக்ஸையோ கிரைண்டரையோ நிறுத்திவிட்டு அவரைத் தட்டி எழுப்பினால் திரும்ப வந்துவிடும். ராத்திரித் தூக்கம் வேறு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று மெயின் போர்டில் அவர் பெயரை எழுதினார்கள், முப்பத்தொரு வருஷம் ஆயிற்று. அந்தத் தெருவில் பழைய வீடுகளுக்கெல்லாம் இப்படி ஒரு ஆள் உண்டு.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் வேலையில் கெட்டிக்காரர். மென்ற இட்லியை விழுங்குவதற்குள் தூங்கியிருக்கிறார். மகளுக்கு நிச்சயம் பண்ணிய அன்று சம்பந்திக்கு வணக்கம் சொல்லக் கை கூப்பினார் பாருங்கள், அதே நேரம் அடுப்படியில் ரெண்டு கிரைண்டரை ஒன்றாகப் போட்டுவிட்டார்கள். கூப்பிய கையோடு அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். சம்பந்தி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் அவர் வீட்டுக்கு ஃபியூஸ்தான்.

வினை மகன் ஏசி வாங்கியபோது வந்தது. ஆவுடையப்பன் நாளைக்கு ஏழெட்டுத் தரம் சாய்ந்தார். மகனுக்கு எரிச்சல். மருமகள் பவானி நல்ல பிள்ளை, அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். ஏசி போடுமுன் மாமாவுக்கு ஒரு டம்ளர் கெட்டிக் காப்பி. ஹீட்டரும் போடுவதென்றால் இன்னொரு டம்ளர். அன்றிலிருந்து கரண்டு போகவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து டிக்காஷன் பக்குவம் கேட்டுப் போனார்கள். ஆவுடையப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவர் மனைவி கோமதி மட்டும் பயந்தாள். போன செவ்வாய்க்கிழமை காலையில் ஹீட்டர், கிரைண்டர், ஏசி, அயர்ன் பாக்ஸ் நாலும் ஓடின. இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பிளக் கருகிச் சுவரெல்லாம் கறுத்து, ரப்பர் தீய்ந்த வாடை அடித்தது. தூங்குங்க, தூங்குங்க என்று அவள் கெஞ்சினாள். அவரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கொட்டாவி வந்துவிட்டது, இதோ தூக்கமும் வந்துவிடும் என்றார். வரவில்லை. கடைசியில் அவளே ஓடி ஒவ்வொன்றாக நிறுத்தினாள். ஜாதிக்காய் அரைத்துப் பாலில் கலந்து கொடுத்துப் பார்த்தாள், அதுவும் பலிக்கவில்லை. புருஷன் முழித்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்குத் திக்திக்கென்று இருந்தது.

வயர்மேன் முப்பிடாதியை வரச் சொன்னாள். அவர் ஆவுடையப்பனின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், தோளில் டெஸ்டரை வைத்தார். பிறகு இருக்கிற எல்லாவற்றையும் போடச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் போயிற்று. ஆவுடையப்பன் அவரிடம் இந்த வருஷத்து மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முப்பிடாதி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.

"யாரு அண்ணாச்சிக்குக் காப்பி குடுத்தது?"

பவானி தரையைப் பார்த்தாள்.

"கரண்டு போகாம இருந்தா நல்லதுன்னு நெனச்சிட்டீங்க. போறதுக்குத்தாம்மா ஃபியூஸ். இனி வீடே எரிஞ்சாலும் அண்ணாச்சி முழிச்சுத்தான் இருப்பாரு. மாத்திருங்க."

ஆவுடையப்பனின் முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை வருஷம் இந்த வீடு அவருடைய கண்ணிமையை நம்பி நின்றது. அந்த வேலையை எடுத்துவிட்டால் தான் இங்கே யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பாவம், காப்பியை இன்றோடு விட்டுவிடுகிறேன், ஒரு வாரம் பார்க்கலாம் என்று மன்றாடினார். கோமதி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வீடு போனா இன்னொண்ணு கட்டிக்கிடலாம். நீங்க கருகிட்டா நான் எங்க போவேன்?"

அவர் சரி என்றார். முப்பிடாதி மண்ணெண்ணெய்த் துணியால் போர்டில் இருந்த பெயரைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டி அதில் எட்டு பிரேக்கர் வைத்தார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் மகன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டான். ஆவுடையப்பன் பழக்கதோஷத்தில் நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தார். பெட்டியில் ஒரு பிரேக்கர் டப்பென்று விழுந்தது. அடுப்படி மட்டும் இருண்டது. மற்ற இடமெல்லாம் ஜெகஜோதியாக எரிந்தது. மகன் கிரைண்டரை நிறுத்திவிட்டுப் பிரேக்கரைத் தூக்கிவிட்டான், அடுப்படியும் வந்துவிட்டது. அவர் எழுந்து அறை அறையாக நடந்தார். எல்லாம் ஓடும்போது தன் வீடு எப்படி இருக்கும் என்று அவர் கவலையில்லாமல் சுற்றிப் பார்த்ததே கிடையாது. பூஜை அறையில் ஓடுகிற குட்டி விளக்குச் சரம் பச்சை நிறம் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மனசு நிறைந்து போயிற்று. இதைக் கோமதியிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அவள் அறையில் இல்லை, அடுப்படியில் இல்லை. கொல்லையில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் கரியும் உப்பும் போட்ட ஒரு குழிக்குள் கணுக்கால் வரை மண்ணில் புதைய, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கோமதி நின்றிருந்தாள்.

"இங்க என்ன பண்ணுத?"

"நான் எர்த்துல்லா. கசியுற கரண்டு என் வழியாத்தான மண்ணுக்கு எறங்கும்."

"எப்ப இருந்து?"

"பால் காய்ச்சின அன்னைல இருந்து. நீங்க தூங்கிட்டீங்க."

ஆவுடையப்பன் குழியைப் பார்த்தார். மண் காய்ந்து வெடித்திருந்தது. குழாயடியில் போய் ஒரு வாளித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, குனிந்து அவள் காலடியில் ஊற்றினார்.

"மெதுவா ஊத்துங்க, உப்பு கரைஞ்சிரும்" என்றாள்.

மெதுவாக ஊற்றினார்.