இஸ்திரி மேசைக்குக் கீழே

எங்கள் சலவைக் கடைக்கு நேர்கீழே, நிலவறையில், சனிக்கிழமை ராத்திரி ஆனால் போதும், ஆட்டம் பாட்டம்தான். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. தெரிந்தவர் தெரிந்தவரைக் கூட்டி வருவார். மேலே என் இஸ்திரி மேசை கிடுகிடுவென்று ஆடும். கோபம் வராமல் என்ன செய்யும்? ஒருநாள் இறங்கிப்போய்ப் பாட்டுப் போடுகிறவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவ என் மேசை ஆடுச்சு, நேரா போலீஸுக்குத்தான் போவேன், சொல்லிட்டேன்!"

"மன்னிச்சுக்குங்கம்மா. ஸ்பீக்கர அந்தப் பக்கம் நகத்திடறேன்."

அடுத்த சனிக்கிழமை மேசை அசையவில்லை. அப்பாடா என்று துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். கடையில் என்னோடு வேலை செய்யும் என் கூடப்பிறந்த அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் வைத்தாள். எடுத்தாள், மறுபடி வைத்தாள். குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு பொலபொலவென்று அழுதாள்.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சனிக்கிழமை மட்டும் ஏன் வேலையை இழுத்து இழுத்துச் செய்கிறாள் என்று எத்தனை முறை திட்டியிருப்பேன்! பாவி நான், அவளுக்கு இருந்த ஒரே பாட்டையும் நிறுத்திவிட்டேனே.

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

"தம்பி, ஸ்பீக்கர பழைய எடத்துக்கே தள்ளுங்க. எங்க அக்காவுக்குக் காது கேக்காது, மேசையிலதான் பாட்டு கேக்கறா."

"அட, இவங்கள மாதிரி நாலு பேரு ஸ்பீக்கர் பக்கத்துலயேதான் நிப்பாங்க. வாங்க, வாங்க!"

ஒரு தையற்காரி, ஒரு லாரி மெக்கானிக், இன்னும் இருவர். அக்காவைப் பார்த்துக் கைகளால் ஏதோ கேட்டார்கள். சின்ன வயதில் அவள் பள்ளியில் சைகை மொழி படித்தவள். வீட்டில் நாங்கள் ஒருவரும் கற்றுக்கொள்ளவில்லை. சாப்பிடு, தூங்கு, துணியை எடு, இவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. இங்கே மடை திறந்தாற்போல் அவள் விரல்கள் பேசின. ஆடிக்கொண்டே பேசினாள், பேசிக்கொண்டே சிரித்தாள். ஐம்பது வயதில் என் அக்காவுக்குச் சிநேகிதம்! அந்த நிலவறைக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது.

கூட வந்திருந்த தையற்காரியின் மகளுக்குக் காது கேட்கும், சைகை மொழியும் தெரியும். அவளிடம் கேட்டேன்: "எங்கக்கா என்னம்மா சொல்றா?"

அவள் தயங்கினாள். "உங்களப் பத்திதான் ஆன்ட்டி. நாள் பூரா மூஞ்சியக் கடுகடுன்னு வெச்சிருப்பீங்களாம். உங்ககூட வேலை செய்யறது பெரும்பாடாம்."

அக்கா என்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்ட முதல் குறை அது.

"இன்னும் சொல்லச் சொல்லும்மா," என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.