கவிழ்த்து வைத்த கூடை

டிசம்பர் பத்தாம் தேதி வாக்கிலிருந்து கித்தேரியம்மாளுக்கு மருமகள் பச்சையம்மாள் மேல் ஒரு கண். காரணம் இல்லாமல் இல்லை. விறகறை மூலையில் ஒரு கூடை கவிழ்ந்து கிடந்தது. பச்சையம்மாள் காலையும் மாலையும் ஒரு சொம்புத் தண்ணீரோடு அங்கே போவாள். எதிரே யாராவது வந்தால் சொம்பை முந்தானைக்குள் மறைப்பாள். ஒளிக்க ஒன்றுமில்லாதவள் எதற்கு மறைக்க வேண்டும்?

அவள் அடி அண்ணாமலை ஊரில் விவசாயக் குடும்பத்துப் பெண். மகன் ராயப்பன் ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டான். ஞானஸ்நானத்தில் பிலோமினா என்று பெயர் வைத்தார்கள். மூன்று வருடம் கழிந்து இப்போது 1978ஆம் வருடமும் முடியப் போகிறது, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்ப்பதில்லை. வயிற்றில் ஒரு புழு பூச்சியும் இல்லை. பிள்ளை இல்லாதவள் பிறந்த வீட்டுச் சாமியைத் தேடாமலா இருப்பாள்? கித்தேரியம்மாளின் புத்தி அந்த வழியிலேயே ஓடியது.

இருபத்து நாலாம் தேதி காலை, நட்சத்திரம் ஒட்டக் கலர் காகிதம் வாங்க மருமகள் கடைக்குப் போனாள். கித்தேரியம்மாள் கூடையைத் தூக்கினாள். அடியில் ஒரு மண்சட்டி. அதில் சாண் உயரத்துக்கு வெளிர் மஞ்சளாக நவதானிய முளை.

முளைப்பாரி. அம்மனுக்கு வளர்ப்பது போலவே இருட்டில், மூடி வைத்து.

நாலு தலைமுறையாகக் கிறிஸ்துமஸுக்குப் பாலன் பிறந்த குடில் கட்டுகிற வீடு இது. மகனிடம் சொன்னால் பெண்டாட்டி பக்கம் பேசுவான். பங்குச் சாமியாரிடம் சொன்னால் ஊர் சிரிக்கும். கல்லுப்புப் போட்டு வெந்நீர் காய்ச்சினாள், சட்டியில் ஊற்றினாள், கூடையைப் பழையபடி கவிழ்த்தாள். பிறகு உட்கார்ந்து நிம்மதியாக ஜெபமாலை சொன்னாள், பாவி மனுஷி.

மத்தியானம் கூடத்தில் குடில் வேலை நடந்தது. கறுப்புச் சாயம் அடித்த காகித மலை, கால் உடைந்த ஆடு, புல்லுக்குப் பதிலாகப் பச்சைச் சாயம் போட்ட மரத்தூள். கித்தேரியம்மாள் மாதா சுரூபத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பச்சையம்மாள் சட்டியோடு வந்தாள்.

"அத்தே, கொஞ்சம் வெயில்ல வெச்சா பச்சையாவும்னு தூக்கனேன். எல்லாம் சாஞ்சி கெடக்குது."

"இது எந்தச் சாமிக்கு?" கித்தேரியம்மாள் இதற்காகவே காத்திருந்தாள்.

பச்சையம்மாள் விழித்தாள். "குடிலுக்குத்தான். போன வருஷம் மாதா கோயில் குடில்ல நெஜப் பயிரு வெச்சிருந்தாங்களே, நம்ம வூட்ல எப்பவும் மரத்தூளுதான்னு சொன்னீங்க. ஒங்களுக்குத் தெரியாம வளத்து வெச்சிடலாம்னு பாத்தேன்."

கித்தேரியம்மாள் அப்படிச் சொன்னது உண்மைதான். கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்லிவிட்டு, அன்றைக்கே மறந்தும் போனாள்.

பச்சையம்மாள் சட்டியைக் கீழே வைத்தாள். கை தானாக வயிற்றுக்குப் போனது. "நாள் தள்ளிப் போயிருக்குது அத்தே. அவருகிட்ட கூட சொல்லல. பாலனுக்குப் போட்ட பயிரு நல்லா வந்தா இன்னிக்கு சொல்லலாம்னு இருந்தேன். எனக்குத் தங்காது போல."

மார்கழிப் பனி பட்டுக் கருகியிருக்கும் என்று சொன்னால் போதும். கித்தேரியம்மாளின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்தக் கை வயிற்றை விட்டு நகரவில்லை.

"நான்தான் ஊத்தனேன். உப்பு வெந்நீ. நீ கடைக்குப் போனப்போ."

பச்சையம்மாள் நிமிர்ந்தாள். "அப்ப, பயிரு தானா சாவலயா?"

"இல்லம்மா. என்னாலதான்."

"அது போதும்" என்று மூச்சு விட்டாள். திட்டவில்லை, அழவில்லை.

கித்தேரியம்மாளுக்குத்தான் அழுகை வந்தது. அவளைப் பாயில் உட்கார வைத்தாள். அடுப்படிக்கு ஓடினாள். பால் காய்ச்சி, பனங்கற்கண்டு போட்டு, ஆற்றி, இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினாள். பச்சையம்மாள் வாங்கினாள். வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தி, முகர்ந்து பார்த்தாள்.

"நீங்க மொதல்ல ஒரு வாய் குடிங்க, அத்தே."

மரியாதையாகத்தான் சொன்னாள். கித்தேரியம்மாள் டம்ளரை வாங்கி, அவள் கண்ணெதிரே ஒரு மிடறு விழுங்கினாள்.