பவுண்டனில் எடுத்த ஒளு

பொழுதுபடுவதற்குள் நௌபர் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். மகள் ஷிஃபானா கட்டினால் அந்தப் பெடியன் இஹ்ஸானைத்தான் கட்டுவேன் என்கிறாள். அவனோ படம் கீறுகிறவன். படம் கீறுகிறவன் குடும்பம் பார்ப்பானா, பள்ளிவாசல் பக்கம் போவானா? போட்டோவைக் காட்டியபோதுகூட இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் விசாரிக்காமல் மறுத்தால் குறிஞ்சாக்கேணி ஊர் முழுக்கக் கதைக்குமே! அதனால் திருகோணமலைக்கு பஸ் ஏறிவிட்டார்.

"துறைமுகத்தடியில படக்கடைத் தெரு, வாப்பா. நடுவுல பெரிய பவுண்டன். அதுக்குப் பக்கத்துலதான் அவர் வேலை செய்யிற இடம்," என்று மகள் வழி சொல்லியிருந்தாள்.

"நான் வாறது அவனுக்குத் தெரியப்படாது," என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

அந்தத் தெருவில் ஒன்றும் விளங்கவில்லை. ஓட்டை வள்ளமொன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டு நாலு பேர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவருடைய கரையில் என்றால் அது எப்போதோ அடுப்புக்குப் போயிருக்கும்.

"பவுண்டன் எங்க தம்பி?"

"இந்தா, உங்களுக்கு முன்னால."

முன்னால் தண்ணீர் பீச்சியடிக்கிற எதையும் காணவில்லை. வட்டத் தொட்டி நிறையத் தெளிந்த தண்ணீர், சுற்றிவரக் கல் இருக்கைகள், பக்கத்தில் கும்மட்டம் வைத்த கட்டடம். அந்த நேரம் பார்த்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. அட, இது பள்ளியில் ஒளு எடுக்கிற ஹவுல் அல்லவா! நௌபர் தொப்பியைப் போட்டார், சாரத்தை ஒதுக்கினார், பிஸ்மி சொல்லித் தொழுகைக்கு முந்திய ஒளுவுக்காகக் கையைக் கழுவத் தொடங்கினார்.

வாய் கொப்பளிக்கையில் ஆட்கள் கூடினார்கள். முகம் கழுவுகையில் போன்களை உயர்த்தினார்கள்.

"சத்தம் போடாதீங்கடி, நாடகம் தொடங்கிட்டு," என்றாள் ஒருத்தி.

தலையைத் தடவியபோது எவனோ கை தட்டினான். நௌபர் திகைத்துப் போனார். ஒளுவுக்கு ஆராவது கை தட்டுவார்களா? பட்டணத்துப் பள்ளிகளின் புது வழக்கமோ?

கும்மட்டக் கட்டடத்திலிருந்து சட்டையெல்லாம் பெயின்டாக ஒரு இளந்தாரி வந்தான். கூட்டத்தைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். காற்சட்டையை மடித்துவிட்டு அடுத்த கல்லில் உட்கார்ந்து அவனும் ஒளு எடுத்தான். போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

"மாமா, பள்ளி அடுத்த தெருவுல. வாங்க, ஜமாஅத்துத் தொழுகைக்குப் போயிருவம்."

"அப்ப இது?"

"இதுதான் மாமா பவுண்டன். பின்னேரத்துலதான் திறந்துவிடுவாங்க."

நௌபரின் ஒரு கால் இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"நீங்க மட்டும் ஏன் தம்பி சிரிக்கல்ல?"

"நானும் வந்த புதுசில இதிலதான் ஒளு எடுத்தனான்."

"பேரென்ன?"

"இஹ்ஸான்."

நௌபர் வாயைத் திறப்பதற்குள் தொட்டி நடுவிலிருந்து தண்ணீர் குபீரென்று கிளம்பி இருவரையும் தோய வார்த்தது. சட்டைப் பையில் போன் அடித்தது.

"வாப்பா, பவுண்டனைக் கண்டீங்களா?"

"கண்டதென்ன, அதுக்குள்ளதான் நிக்கிறன். ஷிஃபானா, அவங்கட ஆக்களைக் கலியாணம் பேச வரச்சொல்லு மகள்."

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட இஹ்ஸான் விழித்துக்கொண்டு நின்றான். நௌபர் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"என்ன பார்க்கிற? நட மகன், தொழுகை தவறிரும்."